பட்டு அறிவதற்கு முன் தொட்டு அறிய விடுங்கள்

சுற்றுச்சூழலுக்காகப் பேசியும் எழுதியும் கூட்டம் நடத்தியும் வரும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நான் ஒரு டீசல் மெக்கானிக். முப்பத்தோரு ஆண்டுகளாகச் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். அதில் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உங்களை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, "பூமி எந்தக் காலத்திலும் சூடாகியும் குளிர்ந்தும்தான் வந்திருக்கிறது. எங்கள் பிழைப்பில் ஏன் மண்ணை அள்ளிப் போடுகிறீர்கள்?" என்று குரலை உயர்த்தியவன் நான். எங்கள் தொழிற்சங்க மேடைகளிலும் அதையே பேசினேன், கைதட்டினார்கள். இன்று அந்தக் கருத்து என்னிடம் இல்லை. அது என்னை விட்டுப் போன விதத்தைச் சொல்லத்தான் இந்த மடல். என்னைப் போன்றவர்கள் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள். என்னிடம் பேசியதைப் போலவே அவர்களிடமும் நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் திரையில் ஓடிய பனிப்பாறையும் 2100-ஆம் ஆண்டும் எனக்கு வெகுதூரம். எனக்குப் பக்கத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: டீசல் புகை என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும் அரங்கில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை. கூண்டில் ஏற்றப்பட்டவன் பாடம் கேட்கமாட்டான்; தப்பிக்கும் வழியைத்தான் தேடுவான். நானும் தேடினேன். உங்கள் பேச்சில் ஒரு சின்னத் தவறு அகப்பட்டால் போதும், அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பேசுவேன்.

ஒரு நாள், ஜீப்புக்கு கிளட்ச் மாற்ற ஓர் ஆசிரியை பட்டறைக்கு வந்தார். வேலை முடியும் வரை ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வேறொரு வண்டியின் பழைய ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினேன். தூசி பொலபொலவென்று கொட்டியது. "இதை மாற்றாவிட்டால் என்ன ஆகும் ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பிடித்த கேள்வி. "எஞ்சினுக்கு மூச்சு முட்டும் டீச்சர். கரும்புகை கக்கும். தூசி உள்ளே போனால் பிஸ்டன் வளையம் தேய்ந்துபோகும்" என்று விளக்கினேன். அவர் அந்த ஃபில்டரைக் கையில் வாங்கி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தார். பிறகு, "என்னிடம் சின்னப் பம்புகள் இருக்கின்றன. காற்றை இழுத்து ஒரு வெள்ளைத் தாள் வழியாக விடும். நாளை கொண்டுவரட்டுமா? ஒரு நாள் மட்டும் ஓடட்டும்" என்றார். இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று சரி சொல்லிவிட்டேன்.

மூன்று பம்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் கைக்கடிகார முகப்பளவு வட்டமாக ஒரு வெள்ளைத் தாள். எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை. என்னைத்தான் வைக்கச் சொன்னார். ஒன்றைப் பட்டறையில் வைத்தேன். ஒன்றை மொட்டை மாடியில் வைத்தேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டு, "எங்கள் வீட்டில் எவ்வளவு சுத்தமான காற்று இருக்கிறது என்று பாருங்கள்" என்று சொல்லி, பட்டறைக்கு மேலே எங்கள் குடியிருப்பில், என் பேத்தி உறங்கும் கட்டிலின் தலைமாட்டில் வைத்தேன். அவரைத் தோற்கடிக்கத்தான் அங்கே வைத்தேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு மூன்று தாள்களையும் வேலை மேசையில் வரிசையாக வைத்தார். பட்டறைத் தாள் கரியைத் தேய்த்தது போல இருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். மொட்டை மாடித் தாளில் லேசான மங்கல். கட்டிலருகே இருந்த தாள் நல்ல சாம்பல் நிறம். அதன் விளிம்பில் மட்டும், வளையம் அழுத்திப் பிடித்திருந்ததால் காற்றுப் படாத இடம், நூலளவு வெள்ளையாக இருந்தது. சாம்பல் நிறத்தைவிட அந்த வெள்ளை விளிம்புதான் என்னை உறுத்தியது. தாள் நேற்று எப்படி இருந்தது என்பதை அது சொல்லிக்கொண்டே இருந்தது. விளிம்பு இல்லாவிட்டால், தாளே அந்த நிறம்தான் என்று சாதித்திருப்பேன்.

ஆசிரியை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது எங்கிருந்து வந்திருக்கும் ஐயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கம்ப்ரஸர் ஓடி நின்றது. நான், "தெருவிலிருந்து வந்திருக்கும்" என்றேன். "இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மறுத்துப் பேசுவார், அதற்குப் பதில் சொல்லலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை. பம்புகளையும் ஒரு பெட்டித் தாள்களையும் என்னிடமே விட்டுவிட்டு, "நீங்கள் பழுது கண்டுபிடிப்பவர். நீங்களே தேடிப் பாருங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார்.

தேடினேன். பட்டறை மூடியிருந்த நாளில் கட்டிலருகே தாள் வெளுத்திருந்தது. எஞ்சினுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதித்த நாட்களில் கறுத்தது. தெரு என்றால் இரண்டு நாளும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு பருத்தித் துணியை நாடா போலக் கிழித்து மாடிப்படியின் கதவு நிலையில் கட்டினேன். அது மேல்நோக்கிப் பறந்தது. பட்டறையின் வெப்பக் காற்று மாடிப்படி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக என் வீட்டு மாடிப்படி புகைபோக்கியாக வேலை செய்திருக்கிறது. எஞ்சினுக்குக் கணக்கு வைத்து வடிகட்டி மாற்றிய நான், அந்தப் புகைபோக்கியின் உச்சியில் ஒரு குழந்தையைப் படுக்க வைத்திருந்தேன். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. அந்தச் செய்தியை அப்போதே படித்தேன், அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அந்தத் துணி நாடாவைக் கண்ட பிறகு என்னால் திருப்ப முடியவில்லை.

அன்றே மாடிப்படிக் கதவின் இடுக்குகளை அடைத்தேன். சைலென்சர் முனையில் மாட்டும் நீளக் குழாய் ஒன்றைப் பொருத்திப் புகையை வெளியே விட்டேன். கட்டிலருகே தாள் வெளுத்தது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி சில நாட்கள்தான். ஒரு மாலை குழாயின் முனையைச் சரிசெய்ய வெளியே போனபோது, அது எதிர் வீட்டின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஜன்னலில் சின்னச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. "புகையை வெளியே விட்டேன்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்த "வெளியே" யாருக்கோ உள்ளே.

மாசிலிருந்து காலநிலைக்கு நான் வந்து சேர்ந்தது அந்தக் குழாய் வழியாகத்தான். எங்கே போனாலும் அது யாராவது ஒருவருடைய உள்ளே என்றால், எல்லாருடைய குழாய்களும் சேர்ந்து விடுவது எங்கே போய்ச் சேர்கிறது என்று நானே கேட்க ஆரம்பித்தேன். நீங்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில் அப்போதுதான் என் கேள்விக்குப் பதிலாக ஆனது. கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் காதில் தங்குவதில்லை.

இங்கே ஒரு பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். உங்கள் கூட்டம் ஒன்றில் ஒரு பேச்சாளர், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்றார். நான் எழுந்து, "ஒரு லிட்டர் டீசலே ஒரு கிலோ எடை கிடையாது. அதிலிருந்து இரண்டரைக் கிலோ எப்படி வரும்?" என்று கேட்டேன். அரங்கில் சிரிப்பு. பேச்சாளர், "இது நிரூபிக்கப்பட்ட அறிவியல்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த ஒரு பதில் என்னை மேலும் பல ஆண்டுகள் எதிர் வரிசையில் வைத்திருந்தது. என் கேள்வி நியாயமானது. அதற்கு என் தொழிலுக்குள்ளேயே பதில் இருந்தது. அதை எடுத்துக்காட்ட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

ஆசிரியை அதை என் தராசிலேயே காட்டினார். ஒரு லிட்டர் டீசலை நிறுத்தேன்: 840 கிராம் சொச்சம். அதில் கார்பன் நூற்றுக்கு 86 பங்கு, அதாவது ஏறத்தாழ 720 கிராம். 12 பங்கு கார்பன் எரியும்போது 32 பங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து 44 பங்கு கரியமில வாயுவாகிறது. 720-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தேன்: 2,640 கிராம். "மீதி எடை எங்கிருந்து வருகிறது ஐயா?" என்று கேட்டார். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். காற்றிலிருந்துதான் வருகிறது. நான் தட்டித் தட்டிச் சுத்தம் செய்யும் அதே ஏர் ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த இரண்டு உண்மைகளை நான் ஒருமுறைகூடப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பட்டறைக்கு வரும் ஒரு லாரியின் டேங்க் கொள்ளளவை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதும் என்னைப் போன்றவர்கள் கண்ணால் காணக்கூடிய ஒன்றிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியம் தந்தது. 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒரு காற்றுப் பம்பு, சில தெர்மாமீட்டர்கள் இவற்றை வைத்துக்கொண்டு சோதித்தார். வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகமாகச் சூடேறியது; வெயிலிலிருந்து எடுத்த பிறகும் ஆறுவதற்கு வெகுநேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு மிகுந்தால் பூமியின் வெப்பம் கூடும் என்று அவரே எழுதினார். சூடான பொருளிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறும் வெப்பக் கதிர்களைத்தான் இந்த வாயு தடுத்து உறிஞ்சுகிறது என்பதை 1859-இல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் இதைவிட நுட்பமான கருவியால் காட்டினார். ஃபூட் அம்மையாரின் கருவிகளைவிட அதிகமான கருவிகள் என் பட்டறையில் இருக்கின்றன. இதை உங்கள் கூட்டத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், அறிவியல் என்பது என்னைத் திட்ட வந்தவர்களின் சொத்து என்று நினைத்திருக்கமாட்டேன்.

இனி நான் உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

முதலில் வெள்ளை விளிம்பைக் காட்டுங்கள். மனிதனின் கண் எதற்கும் பழகிவிடும். மீன்வளத்தை ஆராய்ந்த டேனியல் பாலி 1995-இல் இதைத்தான் சொன்னார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது கடல் எப்படி இருந்ததோ அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது, அதனால் இழப்பு கண்ணில் படுவதில்லை. நான் படித்தவற்றில் இதைவிட என்னைத் தைத்தது வேறில்லை. பிறந்தது முதல் சாம்பல் நிறத் தாளையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது வெள்ளைத் தாளாகத்தான் தெரியும். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது, பஞ்சாபின் ஜலந்தர் நகர மக்கள் தங்கள் வீட்டு மாடிகளிலிருந்து இமயமலையின் தௌலாதார் மலைத்தொடரைப் பார்த்தார்கள். மலை அங்கேயேதான் இருந்தது. பல பத்தாண்டுகளாக அதைக் காணாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தச் சில வாரங்கள் அவர்களுக்கு விளிம்பு தெரிந்தது.

விளிம்பு தானாகத் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலர்கள் முழுதாக மலர்ந்த நாளை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நாட்குறிப்புகளிலும் அரண்மனைப் பதிவுகளிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021-இல் அந்த நாள் மார்ச் 26. அந்தப் பதிவுகளிலேயே மிக முந்திய மலர்ச்சிகளில் ஒன்று. பிரான்ஸில் மேர் தெ கிளாஸ் என்ற பனியாற்றைப் பார்க்கப் போனவர்கள் பல ஆண்டுகளாகப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வழியில் பாறையில், இந்த ஆண்டில் பனி இந்த உயரத்தில் இருந்தது என்று பலகைகள். அங்கே யாரும் பிரசங்கம் செய்யவில்லை, முழங்கால் வலி சொல்லிவிட்டது. அண்டார்டிகாவின் ஆழத்திலிருந்து எடுத்த பனிக்கட்டியில் அடைபட்ட பழைய காற்றுக் குமிழிகளும் அப்படி ஒரு விளிம்புதான். எட்டு லட்சம் ஆண்டுகளின் காற்று அதில் இருக்கிறது. அந்தக் காலம் முழுவதிலும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை. 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா எரிமலையின் சரிவில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 313. இன்று 420-க்கும் மேல். கீலிங்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. ஒரே கருவியைப் பேணிப் பராமரித்து, ஆண்டுக்கணக்கில் அளவெடுத்து, பணம் நிறுத்தப்பட்ட காலத்திலும் விடாமல் போராடியவர். ஒரு நல்ல மெக்கானிக்கின் குணம் அது.

அடுத்தது, அனுபவத்தை ஏமாற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும் ஒரு நாளில் "பார்த்தீர்களா, காலநிலை மாற்றம்!" என்று நீங்கள் சொன்னால், குளிர் நடுக்கும் ஒரு நாளில் நான் அதையே உங்கள் மேல் திருப்பி வீசுவேன். பல ஆண்டுகள் வீசியிருக்கிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். ஒரு நாள் வெயில் கண்ணால் கண்டது. முப்பது ஆண்டுப் பதிவு தீர விசாரித்தது. இரண்டையும் கோத்துக் காட்டுங்கள். ஊரடங்கில் மலை தெரிந்ததைக் காட்டுகிறவர்கள் அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த ஆண்டு உலகம் முழுதும் வெளியேறிய கரியமில வாயு ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைந்தது, காற்றில் அதன் அளவு அந்த ஆண்டிலும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. கரித்துகள் சில நாட்களிலோ சில வாரங்களிலோ மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுகள் தங்கும். புகை கலைந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற எண்ணத்தையும் கண்தான் உண்டாக்குகிறது.

கருவிகளைக் கொடுக்கும்போதும் இதே நேர்மை வேண்டும். கையடக்கமாக விற்கும் காற்றுமானிகள் துகளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறுவதை வைத்துக் கணக்கிடுகின்றன. காற்றில் ஈரம் மிகுந்தால் அவை கூட்டிக் காட்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், மூடுபனி நாளில் எண் எகிறும்போது பயனாளி தானே சிரித்துக்கொள்வார். சொல்லாமல் விட்டால், அந்த ஒரு நாளோடு உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும்.

தமிழில் அனுபவ அறிவுக்குப் பட்டறிவு என்று பெயர். பட்டு அறிவது. அடி பட்டு, காயம் பட்டு, துன்பம் பட்டு அறிவது. உங்களில் சிலர் வெறுத்துப்போய், "பட்டால்தான் இவர்களுக்குப் புத்தி வரும்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். 1952 டிசம்பரில் லண்டன் பட்டது. ஐந்து நாட்கள் நிலக்கரிப் புகை நகரத்தின் மேல் கவிந்து நின்றது. ஓர் அரங்குக்குள் புகை புகுந்து மேடை தெரியாமல் ஓபராவைப் பாதியில் நிறுத்தினார்கள். அப்படியும் பலர் அதை வழக்கமான மூடுபனி என்றே எண்ணினார்கள், கண் பழகியிருந்தது. 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின. தூய காற்றுக்கான சட்டம் வர 1956 ஆனது. பட்டு அறிவதற்கு நகரம் கொடுத்த விலை அது. அந்த விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள உயிரோடு இல்லை. என் பேத்திக்கு மூச்சுத்திணறல் வந்த பிறகு நான் மாறியிருந்தால், அந்த மாற்றத்தை எந்த முகத்தோடு சுமந்திருப்பேன்? ஒரு வெள்ளைத் தாள் எனக்கு அந்த நிலை வராமல் காத்தது. பட்டு அறிவதற்கு முன் தொட்டு அறிய ஒரு வழி உண்டு என்றால், அந்த வழியை எல்லாருக்கும் திறந்துவிடுவதுதான் உங்கள் வேலை.

தொட்டு அறிந்தவன் தனியாக நிற்கிறான் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஜப்பானில் மினமாட்டா ஊரின் ரசாயன ஆலை நடத்திய மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர் ஹஜிமே ஹோசோகாவா. 1956-இல் அந்த ஊரில் நரம்புகளைத் தாக்கிய ஒரு விசித்திர நோயை அதிகாரிகளுக்குத் தெரிவித்தது அவர் மருத்துவமனைதான். 1959-இல் அவர் ஆலைக் கழிவைக் கலந்த உணவை ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனை. அதற்கு அதே நோய் கண்டது. தன் கையால் செய்த சோதனை, தன் கண்ணால் கண்ட முடிவு. நிர்வாகம் அதை வெளியிட விடவில்லை. ஆலைக் கழிவு 1968 வரை கடலில் கலந்துகொண்டே இருந்தது. 1970-இல், மரணப் படுக்கையில் இருந்தபடி, அவர் நீதிமன்றத்துக்காகச் சாட்சியம் சொன்னார். அந்தப் பதினோரு ஆண்டுகளை நினைக்கும்போது எனக்கு அவர் மேல் கோபம் வருவதைவிட, அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லையே என்ற வருத்தம்தான் வருகிறது.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் தென் கரோலினாவின் பிரதிநிதியாக இருந்த பாப் இங்லிஸ், காலநிலை மாற்றம் என்பதையே ஏற்காதவர். சுற்றுச்சூழல் விஷயத்தில் நீங்கள் மாற வேண்டும் என்று மகன் ஒரு நாள் நேருக்கு நேர் சொல்லிவிட்டான். பிறகு அண்டார்டிகாவில் பனிக்கட்டி ஆய்வைப் பார்த்தார், ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஒரு விஞ்ஞானியோடு நீருக்குள் இறங்கினார், மனம் மாறினார். 2010-இல் சொந்தக் கட்சியே உள்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்தது. மனம் மாறியது அதற்கு ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வெப்பநிலைப் பதிவுகளையே சந்தேகித்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், அவற்றைத் தானே முதலிலிருந்து கணக்கிட்டுப் பார்த்து, வெப்பம் கூடுவது உண்மை, அதற்கு ஏறத்தாழ முழுக் காரணமும் மனிதர்களே என்று 2012-இல் பகிரங்கமாகச் சொன்னார். இவர்கள் பெரியவர்கள், தாங்கிக்கொண்டார்கள். சிறிய மனிதனுக்கு என்ன நடக்கிறது என்று என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் அந்த மூன்று தாள்களைக் காட்டிய மாலையில், இருபத்தைந்து ஆண்டுப் பழக்கமுள்ள ஒருவர் என் கையைப் பிடித்து, "உன்னை எவ்வளவுக்கு வாங்கினார்கள்?" என்று கேட்டார். அது வலித்தது. அதைவிட வலித்தது, அதே வாரம் உங்கள் கூட்டத்துக்கு வந்தபோது உங்களில் ஒருவர் ஒலிபெருக்கியில், "கடைசியில் இவருக்கும் புத்தி வந்துவிட்டது" என்று அறிமுகப்படுத்தியது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அறிவேன். ஆனால் தன் பழைய கருத்தை விட்டு வருகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது உட்கார ஓர் இடம். இத்தனை காலம் நீ முட்டாளாக இருந்தாய் என்று நினைவூட்டி வரவேற்கும் வீட்டுக்குள் எவன் நுழைவான்?

கடைசியாக, செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உங்களிடம் பதாகைகள் நிறைய இருக்கின்றன. பம்புகள் மிகக் குறைவு. நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோல அளவுக் கருவிகளை இரவல் கொடுங்கள். வாங்கிப் போகிறவரிடம் உங்கள் முடிவை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். எங்கே வைப்பது என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, தேதியும் நேரமும் தாளின் நிறமும் எழுதச் சொல்லுங்கள். திரும்பக் கொண்டுவரும்போது, "என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த அமைதியைத் தாங்குவது உங்களுக்குக் கடினமாக இருக்கும்; பேசிப் பழகியவர்கள். தவறான பதில் வந்தால்கூட உடனே திருத்த வேண்டாம். நான் "தெரு" என்றேன். தாளே என்னைத் திருத்தியது.

லாரி ஓட்டுநரிடம் லாரி ஓட்டுநர் பேசட்டும். செங்கல் சூளையில் வேலை செய்கிறவரிடம் அதே வேலை செய்கிறவர் பேசட்டும். கொதிகலன் அருகே நின்று பழகியவருக்குக் கொதிகலன் மொழியில் சொன்னால்தான் ஏறும். பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியை அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அதை ஒதுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். என்னிடமே அதற்கு முழுப் பதில் இல்லை. எஞ்சின் வேலையோடு பேட்டரி வண்டிகளின் மோட்டார் வேலையும் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் புதிய தொழில் கற்பது எளிதாக இல்லை. அதையும் சேர்த்தே என் சக தொழிலாளர்களிடம் சொல்கிறேன். சொன்னால் நம்புகிறார்கள்.

என் குறிப்பேடு இப்போது மூன்றாவது புத்தகத்தில் ஓடுகிறது. முதல் பக்கத்தில் அந்தச் சாம்பல் நிறத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன், விளிம்பு தெரியும்படி.

அன்று என் கையைப் பிடித்து விலை கேட்டவர் நேற்று தொலைபேசியில் அழைத்தார். வேறு ஏதேதோ பேசினார். வைப்பதற்கு முன், "அந்தப் பம்பு எவ்வளவு சத்தம் போடும்? இரவில் வைத்தால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்களா?" என்று கேட்டார். சத்தமே வராது என்று சொல்லியிருக்கிறேன். என்னிடம் இருந்த மூன்றும் இப்போது வேறு பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் இந்த வாரத்துக்குள் அனுப்பி வையுங்கள். தாள்கள் என்னிடம் போதுமான அளவு இருக்கின்றன. தயவுசெய்து கூடவே துண்டுப் பிரசுரம் எதையும் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்